மீட்டபின் எங்கே விடுவது?

(கீழ்பென்னாத்தூரில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



சாத்தனூர் அணைக்குச் சுற்றுலா போகாத பள்ளிக்கூடம் இந்த வட்டாரத்தில் இருக்காது. புளிசோற்றுப் பொட்டலம், வாடகைப் பேருந்து, அணைக்கட்டின் மேல் ஒரு நடை, பூங்காவில் ஊஞ்சல், கடைசியில் முதலைப் பண்ணை. அங்கே சுவரைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்க்கும் பிள்ளைகள் கேட்பது தலைமுறை தலைமுறையாக ஒரே கேள்விதான்: "சார், அது உயிரோட இருக்கா, பொம்மையா?" வாயை அகலத் திறந்தபடி மணிக்கணக்கில் அசையாமல் கிடக்கிறது முதலை. உடம்புச் சூட்டைத் தணித்துக்கொள்ளத்தான் அப்படி வாயைத் திறந்து வைத்திருக்கிறது என்று ஆசிரியர் விளக்குவார். அதற்குள் வறுத்த மீன் வாசனை வந்துவிடும். கூட்டம் அந்தப் பக்கம் நகர்ந்துவிடும்.

அந்தச் சுவரோரத்தில் இன்னொரு கேள்வியும் கேட்கப்படாமலே நிற்கிறது. இத்தனை முதலைகள் ஏன் தொட்டிக்குள் இருக்கின்றன? பக்கத்திலேயே தென்பெண்ணை. 1958இல் கட்டி முடித்த அணையில் 119 அடி வரை தண்ணீர் தேங்கும். ஆறும் நீரும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க, நீரில் வாழும் உயிருக்குச் சுவர் எதற்கு?

அழிவின் விளிம்பிலிருந்து உயிரினங்களை மீட்பது பற்றிய இந்தச் சொற்பொழிவு அந்தச் சுவரிலிருந்துதான் தொடங்குகிறது. மீட்பு என்றதும் பொரிப்பகம், கூண்டு, குஞ்சு, எண்ணிக்கை என்றே பேச்சு ஓடும். எண்ணிக்கையைப் பெருக்குவது வேலையில் பாதிகூட ஆகாது. அந்த உயிரைக் கொன்றது எது? அந்தக் கொலை நின்றுவிட்டதா? திரும்பிப் போக அதற்கு இடம் இருக்கிறதா? இந்த மூன்று கேள்விகளை வைத்துப் பார்த்தால், நாட்டில் எந்த மீட்பு முழுமையானது, எது பாதியில் நிற்கிறது என்பது விளங்கும்.

தோலுக்குப் போன உயிர்

தமிழ்நாட்டு ஆறுகளுக்கு முதலை புதிதல்ல. காவிரி, கொள்ளிடம், அமராவதி, பெண்ணை என்று எங்கும் இருந்தது. வேலூர்க் கோட்டை அகழியில் காவலுக்கு முதலைகளை விட்டிருந்தார்கள் என்று வேலூர்க்காரர்கள் இன்றும் சொல்வார்கள். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அதன் தோலுக்கு வெளிநாட்டில் நல்ல விலை வந்தது. கைப்பை, காலணி, இடைவார் என்று கடைவீதிக்குப் போனது. கரையில் முட்டையை எடுத்தார்கள், நீரில் வலையில் சிக்கியதை அடித்தார்கள். அணைகளும் ஆற்று மணல் மேடுகளின் அழிவும் சேர்ந்துகொண்டன.

1972இல் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1974இல் ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பின் சார்பில் எச்.ஆர். பஸ்டர்டு என்ற முதலை அறிஞர் இந்தியாவுக்கு வந்து நிலைமையை ஆராய்ந்தார். கங்கைச் சமவெளியின் நீள்மூக்கு முதலையான கரியால் நாடு முழுவதும் இருநூறுக்கும் குறைவாகவே எஞ்சியிருப்பதாகக் கணக்கிடப்பட்டது. நம் ஊர் நன்னீர் முதலையும் ஒடிசா கடலோரத்து உவர்நீர் முதலையும் அதே சரிவில்தான் இருந்தன. 1975இல் முதலைப் பாதுகாப்புத் திட்டம் தொடங்கியது. தமிழ்நாட்டில் ஒகேனக்கல், அமராவதி, சாத்தனூர் ஆகிய இடங்களில் முதலை வளர்ப்பு மையங்கள் அமைந்தன.

திட்டத்தின் வழிமுறை எளிது. முதலை இரண்டு டஜனுக்கு மேல் முட்டையிடும். ஆற்றங்கரையில் கீரியும் உடும்பும் நரியும் அவற்றைத் தோண்டித் தின்னும். தப்பிப் பொரிந்த குஞ்சைக் கொக்கும் பெரிய மீனும் பிடிக்கும். பெரிய முதலையாக வளர்வது மிகச் சில. எனவே முட்டைகளை மனிதர்களே தேடி எடுத்துப் பொரிக்க வைத்து, நாலடி நீளம் வளரும் வரை தீனி போட்டு, எதிரிக்கு அஞ்சத் தேவையில்லாத பருவத்தில் ஆற்றில் விடுவது என்று முடிவாயிற்று.

வேலை நடக்க நடக்க அந்த உயிரினத்தைப் பற்றியும் புதிது புதிதாகத் தெரியவந்தது. 1976இல் மாமல்லபுரத்துக்கு அருகே வடநெம்மேலியில் ரோமுலஸ் விட்டேகர் சென்னை முதலைப் பண்ணையை நிறுவினார். அங்கே நடந்த ஆய்வுகள் உலக முதலை அறிவியலுக்கே பாடநூலாயின. நன்னீர் முதலையின் ஆண் பெண் வேறுபாடு கருவுறும்போதே முடிவாவதில்லை. முட்டை கிடக்கும் மண்ணின் சூட்டில் முடிவாகிறது. 28 முதல் 31 டிகிரி வரை இருந்தால் எல்லாம் பெண். 32.5 டிகிரியை ஒட்டி இருந்தால் ஆண். நல்ல தீனியும் வெயிலும் கிடைத்தால் ஒரே ஆண்டில் இரண்டு முறை முட்டையிடும். பொரிந்த குஞ்சுகளைத் தாய் மட்டுமல்ல, தகப்பனும் வாயில் பதமாகக் கவ்வித் தண்ணீரில் கொண்டுபோய் விடும். கொடூரத்துக்கு உவமை சொல்லப் பழகிய வாய் அது.

திட்டம் வென்றது. ஒடிசாவின் பிதர்கனிகாவில் 1970களின் நடுவில் நூறுக்கும் குறைவாக இருந்த உவர்நீர் முதலைகள் இன்று 1,800ஐத் தாண்டிவிட்டன. நன்னீர் முதலையோ வளர்ப்பிடங்களில் இன்னும் வேகமாகப் பெருகியது. வெற்றியின் சிக்கல் அங்கே ஆரம்பித்தது.

வேண்டாத வெற்றி

நாலடி முதலையை எங்கே விடுவது? அணைகளில் மீன்பிடி உரிமம் எடுத்தவர்கள் வேண்டாம் என்றார்கள். துணி துவைக்கவும் மாடு கழுவவும் ஆற்றில் இறங்கும் ஊர்கள் வேண்டாம் என்றன. காப்பகங்களில் இருந்த நீர்நிலைகள் சீக்கிரம் நிரம்பின. 1990களின் நடுவில் முதலைகளை இனப்பெருக்கம் செய்வதை நிறுத்தும்படி மத்திய அரசே சொல்லிவிட்டது. இருபது ஆண்டுகளுக்கு முன் முட்டை தேடி ஆற்றங்கரை அலைந்தவர்கள், முட்டை பொரிந்துவிடாமல் பார்த்துக்கொள்ளும் நிலைக்கு வந்தார்கள். ஆணையும் பெண்ணையும் தனித்தனித் தொட்டியில் பிரித்து வைத்தார்கள்.

வடநெம்மேலியில் நெருக்கடி முற்றியபோது, அங்கிருந்த நன்னீர் முதலைகளில் ஆயிரத்தைக் குஜராத்தின் ஜாம்நகரில் உள்ள தனியார் விலங்கு மையத்துக்கு அனுப்ப ஏற்பாடாயிற்று. அதை எதிர்த்துச் சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடர்ந்தார்கள். 2022இல் வழக்கு தள்ளுபடியானது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டை பொரித்து வெளிவந்த முதலைகள் லாரியில் ஏறி அரபிக் கடலோரத்துக்குப் போயின. இதில் யாரையும் குறை சொல்லிப் பயனில்லை. தொட்டிக்கு ஓர் அளவு உண்டு. தீனிக்குச் செலவு உண்டு. ஆனால் ஓர் உயிரினத்தை அழிவிலிருந்து மீட்டு, ஐம்பது ஆண்டு கழித்து, அதை ஒரு தொட்டியிலிருந்து இன்னொரு தொட்டிக்குத்தான் அனுப்ப முடிகிறது என்பதைக் கவனிக்க வேண்டும்.

ஆற்றில் இருக்கும் முதலைகளின் கதை வேறு. கடலூர் மாவட்டத்தில் சிதம்பரம், காட்டுமன்னார்கோயில் பக்கம் பழைய கொள்ளிடக் கரையில் உள்ள ஊர்க்காரர்களைக் கேட்டால் சொல்வார்கள். ஆடு மாடு போயிருக்கிறது. மனிதர்களும் தாக்கப்பட்டிருக்கிறார்கள், உயிரிழந்திருக்கிறார்கள். வயற்காட்டிலோ வாய்க்காலிலோ முதலை தென்பட்டால் வனத்துறைக்குத் தகவல் போகிறது. பிடித்துக் கொண்டுபோய் வக்காரமாரி நீர்த்தேக்கத்தில் விடுகிறார்கள். கரையில் குளித்துவிட்டுப் பாதுகாப்பாக ஏற ஒரு படித்துறை, அதைச் சுற்றிக் கம்பித் தடுப்பு, வீட்டுக்குள் குழாய்த் தண்ணீர், இழந்த ஆட்டுக்கு உடனே இழப்பீடு: முதலையோடு வாழ இவ்வளவும் தேவைப்படுகிறது. பொரிப்பகத்துக்குக் கிடைத்த கவனம் படித்துறைக்குக் கிடைக்கவில்லை. ஆற்றங்கரைக் குடும்பத்தின் அச்சத்தைப் போக்காமல் ஆற்றில் முதலையை விட முடியாது. சாத்தனூர்ச் சுவரைக் கட்டியது சிமெண்டு மட்டுமல்ல, அந்த அச்சமும்தான்.

மாட்டுக்கு ஊசி, பாறுக்குச் சாவு

முதலையைக் கொன்றது வேட்டை. அதைச் சட்டம் நிறுத்தியது. கொன்றது எது என்றே தெரியாமல் பத்தாண்டு திகைத்து நின்ற கதை ஒன்று உண்டு. அது இந்த ஊர்ச் சந்தைக்கும் மாட்டுக்கொட்டகைக்கும் நேரடியாகத் தொடர்புடையது. அதனால் சற்று விரிவாகவே பார்க்க வேண்டும்.

பிணந்தின்னிக் கழுகு என்று ஊரார் சொல்லும் பறவைக்குப் பாறு என்பது பழந்தமிழ்ப் பெயர். அது வேட்டையாடுவதில்லை. செத்ததைத்தான் தின்னும். பெரிய கூட்டம் ஒன்று இறங்கினால் ஒரு மாட்டின் உடலை ஒரு மணி நேரத்துக்குள் எலும்பாக்கிவிடும். அதன் இரைப்பை அமிலத்தில் அடைப்பான் நோய்க் கிருமிகூடப் பிழைக்காது. ஊருக்கு வெளியே மாடு வீசும் இடத்தில் காசு வாங்காமல் துப்புரவு செய்துவந்த பறவை. 1980களில் இந்தியத் துணைக்கண்டத்தில் கோடிக்கணக்கில் இருந்ததாக மதிப்பிடுகிறார்கள். அப்போது அதைப் பாதுகாக்க வேண்டும் என்று யாரேனும் சொல்லியிருந்தால், காக்கையைப் பாதுகாக்கச் சொன்னதுபோல் சிரித்திருப்பார்கள்.

ராஜஸ்தானின் பரத்பூர் சரணாலயத்தில் 1980களின் இறுதியில் பாறுகளின் கூடுகள் 350க்கு மேல் இருந்தன. அடுத்த பத்தாண்டில் அவை ஒவ்வொன்றாக வெறுமையாயின. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் விபு பிரகாஷ் அதைப் பதிவு செய்து எச்சரித்தார். பறவைகள் கிளையில் கழுத்தைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருக்கும். சில நாளில் கீழே விழும். 1992க்கும் 2007க்கும் இடையில் நாட்டில் வெண்முதுகுப் பாறுகள் ஆயிரத்துக்கு ஒன்று என்ற அளவுக்குக் குறைந்துவிட்டன. உலகில் எந்தப் பறவைக்கும் இவ்வளவு வேகமான வீழ்ச்சி பதிவானது அரிது.

முதலில் வைரஸ் என்று தேடினார்கள். பூச்சிமருந்து என்று பார்த்தார்கள். எதுவும் பொருந்தவில்லை. பாகிஸ்தானின் பஞ்சாபில் செத்த பறவைகளை அறுத்துப் பார்த்த லிண்ட்சே ஓக்ஸ் என்ற அமெரிக்கக் கால்நடை மருத்துவர், பெரும்பாலானவற்றின் ஈரல், இதயத்தின் மேல் சுண்ணாம்பு பூசியதுபோல் வெள்ளைப் படிவு இருப்பதைக் கண்டார். சிறுநீரகம் செயலிழந்து யூரிக் அமிலம் உறைந்த அடையாளம் அது. சிறுநீரகத்தைத் தாக்கும் பொருள் ஒன்று தீனி வழியாக வருகிறது. தீனியோ மாட்டின் உடல். அப்படியானால் மாட்டுக்கு என்ன கொடுக்கிறார்கள்? விடை ஆய்வுக்கூடத்தில் இல்லை. மருந்துக் கடையில் இருந்தது. கால்நடை மருந்து விற்பவர்களையும் மருத்துவர்களையும் கேட்டுப் பட்டியல் எடுத்தார்கள். டைக்ளோஃபினாக் என்ற வலி நிவாரணி அகப்பட்டது. 2004இல் அந்த ஆய்வு வெளியானது.

கால் இழுத்துக்கொண்ட மாடு, மடிநோய் கண்ட பசு, காய்ச்சலில் படுத்த எருது எதுவானாலும் அந்த ஊசியைப் போட்டார்கள். விலை மலிவு. மாடு எழுந்து நின்றால் நல்லது. எழாமல் ஓரிரு நாளில் செத்துப்போனால், அதன் உடலில் மருந்து மிச்சமிருக்கும். அதைத் தின்ற பாறு சில நாளில் சாகும். ஆயிரம் மாட்டுச் சடலங்களில் ஏழெட்டில் மருந்து இருந்தாலே போதும், இத்தனை பெரிய வீழ்ச்சி வந்துவிடும் என்று கணக்கிட்டுக் காட்டினார்கள். ஒரு சடலத்தில் நூறு பறவை இறங்கும் பழக்கம் பாறுகளுக்கு உண்டு. பசியில் கூடியவை அனைத்தும் ஒரே பந்தியில் போயின.

இழப்பு பறவையோடு நிற்கவில்லை. அழுகும் சடலங்களைத் தேடித் தெருநாய்கள் பெருகின, தண்ணீர் கெட்டது. இயல் ஃபிராங்க், அனந்த் சுதர்சன் என்ற இரு பொருளியல் அறிஞர்கள் பாறுகள் இருந்த மாவட்டங்களையும் இல்லாத மாவட்டங்களையும் ஒப்பிட்டு 2024இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 2000 முதல் 2005 வரையிலான காலத்தில் மட்டும் இந்தியாவில் ஏறத்தாழ 5 லட்சம் மனித உயிர்கள் கூடுதலாகப் போயின என்பது அவர்கள் கண்ட முடிவு.

தடையும் புட்டியும்

காரணம் தெரிந்துவிட்டது. அடுத்தது அதை நிறுத்துவது. 2006இல் கால்நடைகளுக்கு டைக்ளோஃபினாக் தரக் கூடாது என்று இந்தியா தடை போட்டது. மாற்றாக மெலாக்சிகாம் இருந்தது; பாறுகளுக்கு அது தீங்கு செய்வதில்லை என்று சோதித்து உறுதிப்படுத்தியிருந்தார்கள். ஆனால் மனிதர்களுக்கான டைக்ளோஃபினாக் 30 மில்லி புட்டியில் கிடைத்துக்கொண்டே இருந்தது. மனிதனுக்கு ஒரு ஊசிக்கு 3 மில்லி போதும். 30 மில்லி யாருக்கு என்று கடைக்காரருக்கும் தெரியும், வாங்குபவருக்கும் தெரியும். 2015இல் அந்தப் பெரிய புட்டிக்கும் தடை வந்தது. மருந்து நிறுவனங்கள் சென்னை உயர் நீதிமன்றம் போயின. 2017இல் தடை சரியே என்று தீர்ப்பாயிற்று. பிறகு கீட்டோபுரோஃபென், அசிகுளோஃபினாக் ஆகிய இரண்டும் அதே குற்றவாளிகள் என்று தெரிந்து 2023இல் அவற்றுக்கும் தடை. அடுத்து நிமசுலைடு. ஒரு பெயரைத் தடுத்தால் இன்னொரு பெயரில் வருகிறது. இருபது ஆண்டாக நடக்கும் இந்த ஓட்டத்தில் பறவை எப்போதும் ஓரடி பின்னால்தான்.

நீலகிரி, கோவை, ஈரோடு வட்டாரத்தில் இந்த வேலையைக் கையிலெடுத்தவர்களில் முதன்மையானது கோவையைச் சேர்ந்த அருளகம் என்ற அமைப்பு. அதன் சு. பாரதிதாசனும் நண்பர்களும் கூண்டு கட்டவில்லை. மருந்துக் கடைகளிலும் மாட்டாஸ்பத்திரிகளிலும் ஏறி இறங்கினார்கள். காட்டோர ஊர்களில் மாடு வளர்ப்பவர்களிடம் உட்கார்ந்து பேசினார்கள். புலி அடித்த மாட்டின் மேல் ஆத்திரத்தில் விஷம் தெளித்தால் புலியோடு பாறும் சாகும் என்று சொன்னார்கள். பாறு என்ற பழைய பெயரைப் பேச்சில் திரும்பக் கொண்டுவந்ததிலும் அவர்களுக்குப் பங்குண்டு. பிணந்தின்னி என்று பெயர் வைத்த பறவைக்குப் பரிந்து பேசுவது சிரமம் அல்லவா?

முதுமலைக்கும் சத்தியமங்கலத்துக்கும் இடையில் மாயாறு ஓடும் பள்ளத்தாக்கில், கரையோர நீர்மருது மரங்களின் உச்சியில் வெண்முதுகுப் பாறுகள் இன்றும் கூடு கட்டுகின்றன. கருங்கழுத்துப் பாறும் செந்தலைப் பாறும் அங்கே உண்டு. விந்திய மலைக்குத் தெற்கே அவற்றின் பெரிய புகலிடம் அதுதான். தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம் மூன்றும் சேர்ந்து 2023 பிப்ரவரியில் எடுத்த கணக்கில் 246 பறவைகள். அதே ஆண்டு டிசம்பர் இறுதியில் எடுத்தபோது 320. பத்து மாதத்தில் 74 கூடியது எல்லாம் பிறப்பு என்று எண்ணிவிடக் கூடாது. ஓர் இணை ஆண்டுக்கு ஒரே முட்டைதான் இடும். குஞ்சு பறக்கவே நாலு மாதம் ஆகும். அது தாயாக ஐந்து வயது வேண்டும். எண்ணும் விதம் மாறினாலும் எண்ணும் இடம் கூடினாலும் எண்ணிக்கை கூடும். ஆனாலும் சரிவு நின்றிருக்கிறது என்பதற்கு அந்த எண்ணிக்கை ஓர் அறிகுறி.

ஹரியானாவின் பிஞ்சூரில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகமும் மாநில வனத்துறையும் சேர்ந்து கூண்டில் பாறுகளை வளர்த்துப் பெருக்குகின்றன. 2020இல் எட்டு வெண்முதுகுப் பாறுகளை வெளியே பறக்க விட்டார்கள். கூண்டில் பாறுகளைப் பெருக்கலாம் என்பது அங்கே நிரூபணமாயிற்று. கதவைத் திறக்கும் நாளில் மட்டும் அவர்கள் கேட்க வேண்டியது ஒன்றே: சுற்றி நூறு கிலோமீட்டரில் மருந்துக் கடைகளில் என்ன விற்கிறது?

ஈயமும் மின்கம்பியும்

அமெரிக்கர்களுக்கும் இதே பாடம் கசப்பாகக் கிடைத்தது. கலிஃபோர்னியாவின் காண்டார் என்ற பெருங்கழுகு 1982இல் 22 மட்டுமே இருந்தது. 1987இல் காட்டில் எஞ்சிய கடைசிப் பறவையையும் பிடித்துக் கூண்டில் வைத்தார்கள். உலகில் மொத்தம் 27. இன்று ஐந்நூறுக்கு மேல். ஆனால் வேட்டைக்காரர்கள் சுட்டுப்போட்ட மானின் உடலில் ஈயக் குண்டுத் துணுக்கு இருக்கிறது. அதைத் தின்றால் காண்டாருக்கு நஞ்சு. பறவைகளைப் பிடித்து இரத்தம் சோதித்து, நஞ்சு முறிவு கொடுத்துத் திரும்ப விட வேண்டியிருக்கிறது. 2019இல் கலிஃபோர்னியா வேட்டைக்கு ஈயக் குண்டையே தடை செய்தது. கூண்டுப் பெருக்கம் தொடங்கி முப்பது ஆண்டுக்கு மேல் ஆன பிறகு வந்த தடை அது.

ராஜஸ்தானின் ஜெய்சல்மேரில் கானமயிலுக்கு 2019 முதல் வளர்ப்பு மையம் நடக்கிறது. 2024இல் செயற்கைக் கருவூட்டலில் முதல் குஞ்சும் பிறந்தது. ஒரு காலத்தில் தமிழ்நாட்டுப் புல்வெளிகளிலும் இருந்த பறவை அது. இன்று நாடு முழுவதும் 150க்கும் குறைவு. உடல் கனம், கண்ணுக்கு நேர் முன்னே பார்வை குறைவு. பறக்கும்போது மின்கம்பியில் மோதிச் சாகிறது. சூரிய மின்சாரத்துக்காகப் பாலைவனம் முழுவதும் கம்பி இழுக்கும் காலத்தில், கம்பியை மண்ணுக்கடியில் கொண்டுபோவது பற்றி உச்ச நீதிமன்றம் வரை வழக்கு நடந்தது. குஞ்சு பொரிக்கும் விஞ்ஞானம் கைவந்துவிட்டது. குஞ்சு பறக்கப்போகும் வானத்தில் கம்பி இருக்கிறது.

புல்லிருந்தால் ஆடு

மூன்று கேள்விகளில் கடைசியை முதலில் கேட்ட மீட்பு எது என்றால், தமிழ்நாட்டின் மாநில விலங்கான வரையாட்டைச் சொல்லலாம். சங்க நூல்களில் வருடை என்று வருவது இதுவே. மேற்குத் தொடர்ச்சி மலையின் உச்சியில், செங்குத்துப் பாறையும் புல்வெளியும் சேர்ந்த இடத்தைத் தவிர வேறெங்கும் இது வாழாது. வழக்கறிஞரும் இயற்கையாளருமான இ.ஆர்.சி. டேவிதார் 1975இல் மலை மலையாக ஏறி இதைக் கணக்கெடுத்தார். அவருடைய பிறந்த நாளான அக்டோபர் 7ஐத் தமிழக அரசு வரையாடு நாளாக அறிவித்திருக்கிறது.

வரையாட்டைக் கொன்றது துப்பாக்கி மட்டுமல்ல, மரமும்தான். ஆங்கிலேயர் காலத்திலிருந்து நீலகிரியிலும் பழனி மலையிலும் புல்வெளியைப் பாழ்நிலம் என்று எண்ணிக் கற்பூர மரமும் சீகையும் பைனும் நட்டார்கள். மரம் நடுவது எப்போதும் புண்ணியம் என்று நம்பும் ஊரில் இதைச் சொல்வதற்கே தயக்கம் வரும். புல் போன இடத்தில் வரையாடும் போயிற்று. கேரளத்தின் இரவிகுளத்தில் புல்வெளி தப்பியது. அங்கே ஆடும் தப்பியது.

தமிழக அரசு 2022இல் 25.14 கோடி ரூபாயில் வரையாட்டுத் திட்டத்தை அறிவித்தது. இதில் கூண்டு வளர்ப்பைவிடப் புல்வெளியை மீட்பதும் சீகையை அகற்றுவதும் கணக்கெடுப்பதும்தான் பெரிய வேலை. 2024இல் தமிழ்நாட்டில் 1,031 வரையாடுகள் எண்ணப்பட்டன, 2025இல் 1,303. இந்த எண்ணிக்கையிலும் எண்ணிய பரப்பு கூடியதன் பங்கு உண்டு. ஆனால் பிறக்கும் குட்டிக்கு மேய இடம் இருக்கிறது. யாரும் அதைத் தொட்டியில் வைத்திருக்கவில்லை.

கீழ்பென்னாத்தூரில் செய்ய இருப்பது

இத்தனையும் மாயாற்றிலும் மலையுச்சிப் புல்வெளியிலும் ஜெய்சல்மேரிலும் நடப்பவை. கடலை போடும் ஊரில் இதற்கு என்ன வேலை என்று தோன்றலாம்.

இங்கிருந்து சுமார் நூறு கிலோமீட்டரில் திருக்கழுக்குன்றம் இருக்கிறது. வேதகிரீசுவரர் மலையில் உச்சிப் பொழுதுக்கு இரண்டு கழுகுகள் வந்து பண்டாரம் வைக்கும் சர்க்கரைப் பொங்கலைச் சாப்பிட்டுப் போகும். அந்தக் காட்சியைப் பார்த்தவர்கள் இந்த அவையிலும் இருப்பார்கள். அவை மஞ்சள்முகப் பாறு என்ற இனம். ஊருக்கே பெயர் தந்த பறவை 1990களின் இறுதியோடு வருவதை நிறுத்திவிட்டது. கலியுகம் முற்றிவிட்டது என்றார்கள். பரத்பூரில் கூடுகள் வெறுமையான காலமும் அதுதான்.

பாறு நாளொன்றுக்கு நூறு கிலோமீட்டர்கூட இரை தேடிப் பறக்கும். அதற்கு மாவட்ட எல்லை தெரியாது. நீலகிரியில் ஓர் ஊசியைத் தடுத்துவிட்டு வடமாவட்டங்களில் அதே ஊசி தாராளமாக ஓடினால், பறவை மாயாற்றுப் பள்ளத்தாக்கை விட்டு ஒருபோதும் பரவ முடியாது. சாத்தனூர் முதலைக்குச் சிமெண்டுச் சுவர். பாறுக்கு மருந்துச் சுவர். கீழ்பென்னாத்தூர் வாரச்சந்தையில் கைமாறும் மாடுகள் எந்தெந்த ஊர்க் கொட்டகைக்கெல்லாம் போகின்றன என்பது வியாபாரிகளுக்குத் தெரியும். மாட்டோடு மருந்துப் பழக்கமும் ஊர் மாறுகிறது.

மாட்டுக்கு வலி ஊசி போடவே கூடாது என்று இந்தச் சொற்பொழிவு சொல்லவில்லை. வாயில்லாச் சீவன் துடிப்பதை யாரும் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. ஊசி போடலாம், எந்த ஊசி என்பதுதான் கேள்வி. ஊருக்குள் வண்டியில் வந்து வைத்தியம் பார்த்துப்போகும் ஆளிடம் புட்டியை வாங்கிப் பெயரைப் படித்துப் பார்க்கப் பள்ளிக்கூடப் பிள்ளைக்கே முடியும். அரசு கால்நடை மருந்தக மருத்துவரிடம் மாற்று மருந்தைக் கேட்டு வாங்கலாம்.

இந்த அவையில் இருக்கும் ஆசிரியர்கள் அடுத்த முறை பிள்ளைகளைச் சாத்தனூருக்குக் கூட்டிப்போகும்போது, முதலை ஏன் வாயைத் திறந்திருக்கிறது என்பதோடு, அது ஏன் சுவருக்குள் இருக்கிறது என்பதையும் சொல்லிக்கொடுக்க வேண்டுகிறோம். மாடு வைத்திருப்பவர்கள் இந்த நான்கு பெயர்களையும் ஒரு சீட்டில் எழுதிக் கொட்டகைத் தூணில் ஒட்டிவைக்க வேண்டுகிறோம்: டைக்ளோஃபினாக், கீட்டோபுரோஃபென், அசிகுளோஃபினாக், நிமசுலைடு. இவற்றை மாட்டுக்குப் போடச் சட்டத்தில் இடமில்லை. கேட்டு வாங்க வேண்டியது மெலாக்சிகாம்.